துணிக் குதிரையின் பின்பாதி

சித்தி கிளம்பிப் போனது ஒரு வியாழக்கிழமை காலை. அவள் வேலை பார்த்த கடை, நாடகங்களுக்கு வேஷ உடைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடை. வாசலில் நாடகக் குழுவின் வேன் வந்து நின்றது. உள்ளே இரண்டு அரசர்களின் அங்கிகள், ஒரு சூனியக்காரியின் மூக்கு, மடித்து வைத்த ஒரு காடு. எல்லாவற்றுக்கும் மேலே, முன்பாதி தனி பின்பாதி தனியாக ஒரு பழுப்பு நிறத் துணிக் குதிரை. அந்தப் பின்பாதிக்குள் மூன்று மாதம் ஊர் ஊராக நடக்கப்போகிறவள்தான் சித்தி.

சித்தப்பா பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எதிரே லாரி வந்தாலும் குரலை உயர்த்தாமல் பேசிப் பழகியவர்.

“போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு.”

“குதிரைக்குள்ள பாக்கெட் இல்லைங்க.”

“அப்ப கனைச்சுக் காட்டு, கேட்டுக்கறேன்.”

“கனைக்கிறது முன்பாதிக்காரர் வேலை. எனக்கு வாலை ஆட்டுறது மட்டும்தான்.”

படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “மூணு மாசம், தாயே. நடுவுல கடை ஒரு நாள் நின்னாலும் கூப்பிடுவேன். கூப்பிட்டா அடுத்த வண்டியில வந்துடணும். பேச்சு பேச்சா இருக்கணும்.”

“நின்னா வர்றேன் மேடம். நிக்காது.”

வேனின் முன்சீட்டிலிருந்து குழுத் தலைவர் எட்டிப் பார்த்துத் தன் பங்குக்குச் சொன்னார். “இப்பவே சொல்லிடறேன்க்கா. நடுவுல விட்டுட்டுப் போனீங்கன்னா அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டுடுவேன். அப்புறம் வந்து கேட்கக் கூடாது.”

சித்தி இரண்டு பேருக்கும் ஒரே தலையாட்டல் ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

அவள் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். பல வருஷம் பல தேசம் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். “சும்மாதானே இருக்கே, இதையும் ஒரு ஊர்னு நினைச்சுக்கோ” என்று சொல்லிச் சித்தி என்னை அங்கே உட்காரவைத்தாள்.

சித்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கடைக்கு வருவதற்கு முன் அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் மிக ஆபத்தான வாக்கியம் எது என்பதை அங்கேதான் கண்டுபிடித்தாள். “இந்த ஒரு தடவை மட்டும்” என்பதுதான் அது. மேலதிகாரி சொன்னாலும் சரி, அழுதுகொண்டே ஒருவர் சொன்னாலும் சரி, அதைக் கேட்டதும் சித்தியின் முகம் இரும்புக் கதவாகிவிடும். வீட்டிலும் அப்படித்தான். சித்தப்பா ஒருமுறை ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார். அன்றைக்குத் துண்டோடு சேர்ந்து அவரும் மொட்டைமாடியில் காய்ந்தார்.

உடைக் கடையோ அந்த வாக்கியத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியம்மாவுக்குத் தோழிகள் அதிகம். துவைக்காத அங்கியைத் தோழிக்குக் கொடுப்பார். பெட்டி இல்லாமல் கிரீடத்தைக் கொடுப்பார். திரும்பும் தேதியைத் தன் போனிலிருந்தே தள்ளிப்போடுவார். சித்தி முதலில் கவுண்டர் கணினியில் இருந்த புரோகிராமில் தடை போட்டுப் பார்த்தாள். முதலாளியம்மா போன் வழியாக வந்தார். போனில் தடை போட்டதும் கடையின் இணையதளம் வழியாக, வாடிக்கையாளர் போலவே வந்தார்.

“வாசல்ல காவல் போட்டா ஜன்னல் வழியா வர்றாங்க, ஜன்னலை மூடினா ஓட்டைப் பிரிக்கிறாங்க. இனிமே பீரோவுக்குள்ளேயே ஆளை உட்கார வைக்கப்போறேன்” என்றாள் சித்தி.

அப்படி உட்காரவைத்த ஆளுக்குத்தான் டிரிகர் என்று பெயர். அது டேட்டாபேஸுக்குள்ளேயே படுத்திருக்கும் ஒரு சின்னக் கட்டளை. யாராவது ஒரு பதிவைச் சேர்த்தாலோ, மாற்றினாலோ, அழித்தாலோ தானாக விழித்துக்கொள்ளும். கவுண்டரிலிருந்து வந்தாலும் போனிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். சில டிரிகர்கள், காரியம் நடக்கும் முன்பே கையைப் பிடித்து நிறுத்தும். சில, நடந்த பிறகு பின்னாலேயே போய் மிச்ச வேலையைச் செய்யும். ஓர் அங்கி திரும்பி வந்ததாகப் பதிந்தால், யாரும் சொல்லாமலே அது சலவைப் பட்டியலுக்குப் போய்விடும். சலவை முடியும்வரை யாருக்கும் கொடுக்க முடியாது.

கடையின் தையல்காரர் இவற்றுக்கு வைத்த பெயர் “வெடி.” எங்கே கால் வைத்தாலும் வெடிக்கும் என்பார். காரணம், தடுக்கும்போது திரையில் வரும் செய்திகளைச் சித்தி தன் சொந்த வாயாலேயே எழுதிவைத்திருந்தாள். துவைக்காத அங்கியைக் கொடுக்கப் போனால், “வேர்வை நாத்தம் இன்னும் போகல. உங்க தோழிதானே, அவங்க மேல பிரியம் இல்லையா?” கிரீடத்தைத் தனியாக எடுத்தால், “பெட்டி எங்கே? போன தடவை யாரோ கிரீடத்து மேல உட்கார்ந்தாங்க. யாருன்னு எனக்குத் தெரியும்.” சித்தி ஊருக்குப் போன பிறகும் கடைக்குள் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலாளியம்மா திரையைப் பார்த்து, “நீதான் போயிட்டியே, இன்னும் என்னடி பேச்சு?” என்று சண்டை போடுவார். கணினி பதில் சொல்லாததால் அந்தச் சண்டைகளில் மட்டும் அவர் ஜெயித்தார்.

இப்படிப்பட்டவள் குதிரைக்குள் எப்படிப் போனாள் என்று எல்லோரும் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் வாடகைக்குப் போய்த் திரும்பிய குதிரைக்குப் பின்னங்கால் முட்டி தேய்ந்திருந்தது. நியாயம் கேட்க ஒத்திகை நடக்கும் இடத்துக்கே சித்தி போனாள். “குதிரை எங்கேயாவது முட்டி போட்டு நடக்குமா? யார் இதுக்குள்ள இருக்கிறது, வெளிய வாங்க!” என்றாள். வெளியே வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “நீங்களே நடந்து காட்டுங்களேன்” என்றார். சித்தி நடந்து காட்டினாள். காட்டியவள் சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் சொன்னாளாம்: “இத்தனை வருஷம் எல்லாரையும் தடுத்துக்கிட்டே இருந்துட்டேன். அதுக்குள்ள போனா, முன்னாடி என்ன வருதுன்னே தெரியாது. நல்லா இருக்குங்க.” சித்தப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஹெல்மெட் உண்டா?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மாதம் கடை நிற்கவில்லை. முதலாளியம்மா தினமும் காலையில் ஆசையோடு வந்து கேட்பார்: “நின்னுச்சா?”

“இல்லைங்க.”

“எங்கேயாவது முனகுதா?”

“இல்லைங்க.”

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை குழுத் தலைவர் போன் செய்தார். நாடகம் நன்றாகப் போகிறது, இன்னும் சில ஊர்களில் கூப்பிடுகிறார்கள், கடை விதிப்படி இரண்டு மாதக் கணக்கில் எடுத்துப்போய்த் திங்கட்கிழமை திருப்ப வேண்டிய சாமான்களை அடுத்த மாதம்வரை வைத்துக்கொள்ளலாமா என்றார். தாராளமாக என்று சொல்லிவிட்டு, தேதியை மாற்றப் போனேன். அந்தக் குழுவின் சாமான்கள் எல்லாம் ஒரே கட்டாக இருந்தன. மாறினால் எல்லாம் மாற வேண்டும், ஒன்று மாறாவிட்டால் எதுவும் மாறாது.

பொத்தானை அழுத்தியதும் திரை உறைந்தது. வெகுநேரம் கழித்து ஒரு செய்தி வந்தது. அது சித்தியின் குரலில் இல்லை. எண்களும் கோடுகளுமாக, இயந்திரம் தானே பேசும் வறட்டு மொழியில் இருந்தது: ஒரு டிரிகர் இன்னொன்றை எழுப்புகிறது, அது மறுபடி முதலாவதை எழுப்புகிறது, இதற்கு மேல் என்னால் ஆகாது, எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். சித்தி பேசாத இடம் என்றால், சித்திக்கே தெரியாத இடம்.

மறுபடி முயன்றேன். மறுபடி உறைந்தது. நான் முயலும் நேரமெல்லாம் கவுண்டரில் வேறு எதையும் பதிய முடியவில்லை. காத்திருந்த மந்திரவாதி ஒருவர் தொப்பி வாங்காமலே கிளம்பிப் போனார். முதலாளியம்மா உள்ளே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“நின்னுடுச்சு!”

“எங்கம்மா நின்னுச்சு?” என்றார் தையல்காரர், மிஷினை மிதித்துக்கொண்டே. “நான் தைச்சுக்கிட்டுதானே இருக்கேன்?”

“நீங்க தைச்சா கடை ஓடுதுன்னு அர்த்தமா? மந்திரவாதி போயிட்டான்.”

“அவன் மந்திரவாதிம்மா, மறையறதுதான் அவன் தொழிலே.”

முதலாளியம்மா விடவில்லை. “ரெண்டுல ஒண்ணு. உங்க சித்தி வந்து இதைச் சரி பண்ணணும். இல்லைன்னா அவ போட்ட விதிப்படியே திங்கட்கிழமை குதிரை இங்க வந்து நிக்கணும். தேதி மாறலைன்னா குதிரை பாக்கி. பாக்கி வச்சவங்களுக்கு ஒரு பட்டன்கூடக் குடுக்காதேன்னு எழுதிவச்சது யாரு? நானா?”

எந்த வழியாகப் போனாலும் சித்தி குதிரையை விட்டு இறங்கியாக வேண்டும். அந்த விதிகளைத் திறந்து திருத்தும் பாஸ்வேர்டும் அவளிடம் மட்டும்தான் இருந்தது. போன் போட்டோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. குதிரைக்குப் பாக்கெட் இல்லை.

“நேர்லயே போய்க் கூட்டிட்டு வந்துடலாம்” என்றார் முதலாளியம்மா.

மறுநாள் சனிக்கிழமை, நாடகம் நடந்த ஊருக்குச் சித்தப்பாவின் பயிற்சிக் காரில் போனோம். அந்தக் காரில் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. முதலாளியம்மா அங்கே உட்கார்ந்தார். எதிரில் ஒரு சைக்கிள் தெரிந்தால்கூட மிதித்தார். சித்தப்பா வேகம் எடுப்பார், இவர் நிறுத்துவார்.

“மேடம், காலை மடிச்சு வச்சுக்கறீங்களா?”

“என் காலு, நான் எங்க வேணா வைப்பேன்.”

“தாராளமா வைங்க. பிரேக் மேல மட்டும் வேணாம்.”

மடிக்கணினியைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் குலுங்கி வந்தேன். மதியக் காட்சி தொடங்கிய பிறகுதான் அரங்கத்தை அடைந்தோம். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அரசர் வந்தார், திருட்டு மந்திரி வந்தான், பிறகு குதிரை வந்தது. முன்பாதி கம்பீரமாக நடந்தது. பின்பாதி, எதையோ மறந்துவிட்டுத் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வருவதுபோல நடந்தது. ஒரு பெரிய முதுகெலும்புச் சண்டையே அந்தத் துணிக்குள் நடப்பதாகத் தோன்றியது. அரசர் ஏற வரும்போது குதிரை திரும்ப வேண்டும். முன்பாதி திரும்பியது. பின்பாதி அதைத் தொடர்ந்து திரும்பியது. உடனே முன்பாதி இன்னும் கொஞ்சம் திரும்பியது, பின்பாதியும் விடவில்லை. குதிரை நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. அரசர் ஒரு காலைத் தூக்கியபடி அதன் பின்னாலேயே நொண்டிக்கொண்டு சுற்றினார். அரங்கமே சிரிப்பில் உருண்டது. என் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டுத் திரும்பினேன். முதலாளியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வந்த அழுகை.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போனோம். சித்தி இடுப்புக்குக் கீழே குதிரையாகவும் மேலே தானாகவும் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் தம்ளர் பாதியில் நின்றது.

“நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சு” என்றார் முதலாளியம்மா. கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. ஆனாலும் குரலைக் கெட்டியாக வைத்துக்கொண்டார். “உன் குதிரையாலதான் நின்னுச்சு, தாயே.”

நடந்ததைச் சொன்னேன். எங்கே தவறு என்று சித்திக்குப் பிடிபடவில்லை. “முன்பாதி தேதி மாறினா பின்பாதிக்கும் மாறணும்னு ஒரு டிரிகர் வச்சேன், சரிதானே? அப்புறம் ஒரு குழு பின்பாதியை மட்டும் திருப்பி அனுப்பிவச்சது. கோபத்துல, பின்பாதி மாறினா முன்பாதியும் மாறணும்னு இன்னொண்ணு வச்சேன். ரெண்டும் சரிதானே?”

அப்போது குதிரைத் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்பாதிக்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். எங்களையெல்லாம் அவர் பார்க்கவே இல்லை.

“ஏன்க்கா, நான்தான் திரும்பியாச்சுல்ல? நீங்களும் திரும்பியாச்சு. அதோட விட வேண்டியதுதானே? நீங்க திரும்பினதும் என்னை ஒரு இழு இழுக்கறீங்க. நான் மறுபடி திரும்ப வேண்டியிருக்கு. நான் திரும்பினா நீங்க மறுபடி. எனக்குத் தலை சுத்துது. ஏற்கனவே நேரா இருந்தா கையை வைக்காதீங்கக்கா!”

சித்தி அவரையே வாய் பிளந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அடிப் பாவி, நானே!” என்று தன் தலையில் ஒன்று போட்டுக்கொண்டாள். “ஒண்ணு மாறினா இன்னொண்ணை மாத்துது. அது மாறினதுன்னு இது மறுபடி மாத்துது. ரெண்டுக்கும் ஒரே தேதி வந்தப்புறமும் நிறுத்தத் தெரியல. மாத்துறதுக்கு முன்னாடி, அதே தேதிதானான்னு பார்க்கச் சொல்லணும். அதே தேதின்னா பேசாம தூங்கணும். அவ்வளவுதான், ஒரு வரி!”

“அப்ப பாஸ்வேர்டை எங்கிட்ட குடு” என்றார் முதலாளியம்மா உடனே.

“உங்ககிட்டயா? நாளைக்கே குதிரையை உங்க தோழி வீட்டுக் கல்யாணத்துக்கு அனுப்பிடுவீங்க.”

சித்தி என்னை அருகில் இழுத்தாள். இத்தனை வருஷம் யாருக்கும் சொல்லாததைச் சொல்லப் போகிறோம் என்ற வேதனை அவள் முகத்தில் தெரிந்தது. காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இந்த ஒரு தடவை மட்டும்,” இடைவெளி விடாமல் சேர்த்து. “அதை நான் வைப்பேன்னு யாரும் நினைக்கமாட்டாங்க” என்றாள்.

ஒப்பனை மேஜையில் பவுடர் டப்பாக்களை நகர்த்திவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். சித்தி சொல்லச் சொல்ல, இரண்டு டிரிகர்களிலும் அந்த வரியைச் சேர்த்தேன். தேதியை மாற்றினேன். முன்பாதி மாறியது, பின்பாதி அதைப் பார்த்து மாறியது, பின்பாதிக்காக விழித்த டிரிகர் முன்பாதியை எட்டிப் பார்த்தது. ஏற்கனவே சரியாக இருந்ததால் படுத்துக்கொண்டது. கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது. அங்கிகளும் சூனியக்காரி மூக்கும் காடும் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டன.

“சரியாப் போச்சு” என்றார் முதலாளியம்மா. “ஆனா நின்னது நின்னதுதானே? பேச்சு பேச்சா இருக்கணும்னு சொல்லியிருக்கேன்.”

சித்தப்பா மேற்கூரையைப் பார்த்தார். சித்தி கொஞ்ச நேரம் தன் குளம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கெஞ்சுவாள் என்று நினைத்தேன். ஆனால் ஒருத்தரிடம் கெஞ்ச வேண்டுமென்றால் அந்த வாக்கியத்தைத்தான் சொல்லியாக வேண்டும். சித்தி அதைச் சொல்லும் ஆள் இல்லை.

“சரிங்க மேடம்” என்று எழுந்து, தோள்பட்டையில் இருந்த வாரைக் கழற்ற ஆரம்பித்தாள்.

இரண்டாவது பாதிக்கான மணி அடித்தது. முதலாளியம்மா கிளம்பாமல் நின்றார்.

“ஆமா, அந்தத் திருட்டு மந்திரி மாட்டுறானா இல்லையா?”

“மாட்டுறான். அடுத்த பாதியில.”

“யார் பிடிக்கிறா? ராஜாவா?”

“குதிரை.”

“எப்படி?”

“உதைச்சு.”

“எந்தக் காலால?”

சித்தி தன் காலைப் பார்த்தாள். முதலாளியம்மாவும் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் இருக்கைகளுக்குத் திரும்பும் சத்தம் கேட்டது. முதலாளியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“இந்த ஒரு தடவை மட்டும்.”

வாழ்நாளில் முதல் தடவையாகச் சித்தி அதற்கு மறுப்பேதும் சொல்லவில்லை. வாரை மறுபடி மாட்டிக்கொண்டு, வாலைக் கையில் பிடித்தபடி ஓடினாள். மந்திரி உதை வாங்கிய இடத்தில் அரங்கத்திலேயே மிகப் பெரிய கைதட்டல் கடைசி வரிசையிலிருந்து வந்தது.

திரும்பும் வழியில் முதலாளியம்மா பிரேக்கை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை, தூங்கிவிட்டார்.

அடுத்த மாதம் மறுபடி தேதி நீண்டது. அதற்கடுத்தும் நீண்டது. டேட்டாபேஸ் முணுமுணுக்காமல் மாற்றிக்கொடுத்தது. சித்தி லீவு எப்போது முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை, சித்தப்பாவைத் தவிர. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு, எந்த ஊரில் குதிரை நிற்கிறதோ அங்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். கடையில் புதிதாகச் சில டிரிகர்களை நான் எழுதினேன். என் செய்திகளில் காரம் போதவில்லை என்று முதலாளியம்மாவே குறைப்பட்டுக்கொண்டார். “உங்க சித்தி திட்டினா உறைக்கும். உன்னது ரேடியோ அறிவிப்பு மாதிரி இருக்கு.”

பல மாதம் கழித்து, அங்கிகளைச் சலவைக்கு எண்ணிக்கொண்டிருந்த ஒரு மதியம், சித்தியிடமிருந்து செய்தி வந்தது:

“முன்பாதிக்காரருக்குக் கழுத்துப் பிடிச்சுக்கிச்சு, ஊரோட இருக்கப்போறாராம். முன்பாதி எனக்கு வந்தாச்சு. இதுல பார்க்கறதுக்கு ரெண்டு ஓட்டை இருக்குடி, வெளிச்சம்லாம் வருது! பின்பாதி காலியா இருக்கு. நீ ஒரே நாற்காலியில இவ்வளவு நாள் உட்கார்ந்ததே பெரிசு. பாஸ்வேர்டைத் தையல்காரர்கிட்ட குடுத்துட்டுக் கிளம்பி வா. முட்டி போட்டு நடந்தேன்னா உதை விழும்.”